கண்ணாடிக் குண்டுக்குள் ஒன்பது வாட்

அண்ணன் வாடிப்பட்டி தாண்டிவிட்டான். இன்னும் முக்கால் மணி நேரம் என்றான், ஞாயிற்றுக்கிழமை என்பதால் அரை மணியிலேயே வந்தாலும் வந்துவிடுவான். நித்திலா போனைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டுவிட்டுச் சீப்பை மறுபடி எடுத்தாள். அம்மா கட்டிலை ஒட்டிப் போட்ட ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இடது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு, கழுத்தில் மாட்டிய பட்டையில் அது தொங்கிக்கொண்டிருந்தது. ஒற்றைக் கையால் தலை பின்னிக்கொள்ள முடியாது, அதனால் பன்னிரண்டு நாளாக நித்திலாதான் பின்னிவிடுகிறாள். இந்த வேலையில் ஒரு வசதி, அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. "எங்க வர்றானாம்?" "வாடிப்பட்டி." "சாப்பிட்டானாமா?" "கேக்கலம்மா." "அதக் கேக்காம வேற என்னத்தடி கேட்ட?" நித்திலா எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டாள். அவள் எதையும் கேட்கவில்லை, கேட்டதெல்லாம் அண்ணன்தான். அம்மாவோட ஆதார் கார்டு, ஸ்கேன் ஃபைல், பழைய சீட்டெல்லாம் ஒரு பையில போட்டுட்டியா, சேலை எடுத்து வச்சியா, ஒரு பத்து எடுத்து வை. பத்தா? ஆமா, திரும்பி எப்ப வர்றதுங்கறதையெல்லாம் அங்க போயிப் பாத்துக்கலாம். பத்துச் சேலை. நாளைக்கு ஒரு டாக்டரைப் பார்க்க ஓசூர் போய் வருகிறவளுக்கு இரண்டு போதும். பத்து என்று அவன் சொன்ன இடத்தில் நித்திலாவுக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போடுவார்களே, அப்போது உதடு தன் முகத்திலேயே வேறு யாருடையதோபோலத் தொங்குமே, உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது அவளுக்கு. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அலமாரியிலிருந்து பத்துச் சேலையை எண்ணி எடுத்து அடுக்குகிறாள், மேலே இரண்டு பாச்சை உருண்டைகூடப் போடுகிறாள்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அம்மா லைட்டைப் போட்டிருந்தாள். அவ்வளவுதான். இதைச் சொல்வதற்குப் பன்னிரண்டு நாளாக அவள் இடம் தேடிக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்லியிருக்கலாம், அங்கே கூட்டம். அண்ணன் முதல் நாள் போனில் கத்தியபோது சொல்லியிருக்கலாம், அவன் மூச்சு விட இடமே கொடுக்கவில்லை. நேற்று அம்மா சமையலறை வாசலில் நின்று, "நித்தி, நான் அடுப்பைப் பத்த வைக்கட்டுமா?" என்று கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும். முப்பது வருஷமாகத் தன் வீட்டில் தன் அடுப்பைப் பற்ற வைத்தவள், டியூஷன் பிள்ளை பாத்ரூம் போகக் கேட்பதுபோல வாசலில் நின்று கேட்டாள். அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான், இனிமே அம்மாவ கேஸ் பக்கம் விடாத, ரெகுலேட்டர மூடி வை. நித்திலா, "நான் வைக்கிறேம்மா," என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். தீ நீலமாக வட்டமாக எரிந்தது. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, அதன்மேல் என்ன வைத்தாள் என்பது ஞாபகம் இல்லை. மறதி யாருக்கு வந்திருக்கிறது என்று கேட்டால் நியாயமாக அவள்தான் கையைத் தூக்க வேண்டும்.

"மெதுவாடி, தையல் போட்ட இடம்." வலது காதுக்குப் பின்னால் கொஞ்சம் மழித்துவிட்டிருந்தார்கள். புது முடி உப்புத்தாள்போலக் குத்தியது. சீப்பு அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் சுற்றிக்கொண்டு போகிறாள், நினைப்பு மட்டும் நேராக அதன்மேலேயே போய் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தாலும் இந்த வீட்டுப் பாத்ரூமில் ஒன்றும் தெரியாது. அடுத்த கட்டடத்துக்காரர் சுவரை எழுப்பிய நாளிலிருந்து வெண்டிலேட்டர் வெறும் ஓட்டைதான், பகலிலும் விளக்கு வேண்டும். அம்மா துணி அலசப் போனாள். ஒரு சத்தம். வாளி உருளுகிற சத்தம் அதற்கு அப்புறம். நித்திலா புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். கை பழக்கத்தில் கதவோரத்துச் சுவிட்சைத் தட்டியது. இந்த வீட்டில் எல்லாம் பழைய காலத்து நீட்டுச் சுவிட்சு, கீழே தள்ளினால் எரியும். அன்றைக்கு அவள் விரல் அதை மேலே தள்ளியது. கீழே தள்ள வழியில்லை, அது ஏற்கெனவே கீழேதான் இருந்தது. அம்மா போட்டிருக்கிறாள், பல்பு எரியவில்லை. அந்த நொடியிலேயே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. ஆனால் அம்மா ஈரத் தரையில் முனகிக்கொண்டு கிடக்கும்போது சுவிட்சைப் பற்றி யார் யோசிப்பார்கள். எதிர் வீட்டு ஜமுனாக்கா செல்போன் விளக்கோடு ஓடி வந்தாள், அந்த வெளிச்சத்தில் முதலில் சுவிட்சைத்தான் பார்த்தாள், மேலே இருந்தது. "அய்யோ இந்திராக்கா, லைட்டக்கூடப் போடாம உள்ள போனீங்களா?" என்றாள். அம்மா அந்த வலியிலும் கண்ணைத் திறந்து பார்த்தாள். போடலையா நான், என்றாள். அந்தக் கேள்வி அப்படியே ஆட்டோவில் ஏறியது, ஆஸ்பத்திரிக்குப் போனது, டியூட்டி டாக்டர் எழுதிய சீட்டில் உட்கார்ந்துகொண்டது, ஓசூருக்கும் போனது. இப்போது கார் ஓட்டிக்கொண்டு திரும்பி வருகிறது.

"சொல்லட்டுமா?" என்றாள் அம்மா. நித்திலாவின் கை நின்றுவிட்டது. "என்னதும்மா?" "நம்பருடி. டாக்டர் தெய்வநாயகம் வீடு, ரெண்டு ஆறு மூணு ஒண்ணு எட்டு. சினிமாக் கொட்டகை அய்யாவு, ரெண்டு நாலு அஞ்சு ஏழு ஏழு. நூல் கடை..." அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் ஆப்பரேட்டராக இருந்தவள். ஊரில் பாதிப் பேர் வீட்டு நம்பர் புத்தகம் பார்க்காமல் சொல்வாள். கல்யாண வீட்டில் யாராவது பழக்கப்பட்டவரைப் பார்த்தால் பெயருக்கு முன்னால் நம்பர்தான் அவள் வாயில் வரும். அப்பா இருந்தபோது கிண்டல் பண்ணுவார், என்னையே இவ ரெண்டு வருஷம் நம்பராத்தான் ஞாபகம் வச்சிருந்தா என்று. இந்தப் பன்னிரண்டு நாளாக அம்மா தினமும் காலையில் தனக்குத் தானே பரீட்சை வைத்துக்கொள்கிறாள். "நூல் கடை... ரெண்டு நாலு... ரெண்டு நாலு ஒண்ணு..." என்று நிறுத்தினாள். சீப்பு முடிக்குள் காத்திருந்தது. "ஒண்ணு சைபர் ஆறு. சரிதான?" சரியா இல்லையா என்று சொல்ல உலகத்தில் ஆள் இல்லை. அந்தப் போன்கள் எதுவும் இப்போது இல்லை, அந்தக் கடை இல்லை, அந்த எக்ஸ்சேஞ்சுக் கட்டடத்தில் புறாக்கள் இருக்கின்றன. "சரிம்மா," என்றாள் நித்திலா. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா உடனே. அம்மா பயப்படுவது எதற்கென்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெரியம்மாவுக்கு இப்படித்தான் தொடங்கியது. அம்மாவின் ஒரே அக்கா. முதலில் பால் குக்கரை மறந்தாள், பிறகு பிள்ளைகளின் பெயர், கடைசியில் முழுங்க வேண்டும் என்பதையே மறந்து சோற்றை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அப்போது கல்லூரியில் படித்தான், அவன்தான் பெரியம்மாவைத் தூக்கி வண்டியில் ஏற்றியவன். அதனால்தான் அவன் இத்தனை அவசரப்படுகிறான், கெட்டவன் இல்லை. நாளைக்குப் பத்தரை மணிக்கு நரம்பு டாக்டர். அம்மா ஓசூரிலேயே இருக்கட்டும், உன் அண்ணி லாவண்யா பார்த்துக்கொள்வாள், வீட்டை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடலாம், நீ ஒரு லேடீஸ் ஹாஸ்டல் பாரு. எல்லாம் முடிவாகிவிட்டது. ஒரு பல்பு.

ஒன்பது வாட் பல்பு. அதுவும் அவள் வாங்கி மாட்டியதுதான். மேலே குண்டாக ஒரு பால் நிறக் கண்ணாடி, எலக்ட்ரீஷியன் அதை டூம் என்பார், அதற்குள்தான் பாத்ரூம் விளக்கு. முன்பெல்லாம் உள்ளே மஞ்சளாக எரிகிற குண்டு பல்பு இருந்தது. கண்ணாடியைத் தாங்குகிற தகரத் தட்டில் சூடு வெளியே போக நாலு ஓட்டைகள், அது வழியாகப் பல்லிகள் உள்ளே போய்க் குடித்தனம் நடத்தின. போன தை மாதம், குளித்துவிட்டு நின்ற அம்மாவின் தலையில் ஒரு குட்டிப் பல்லி விழுந்தது. அம்மா அலறிய அலறலில் ஜமுனாக்கா தோசைக் கரண்டியோடு வந்தாள். மறுபடி குளித்து, சாமிக்கு விளக்கேற்றி, தினசரிக் காலண்டரின் பின்பக்கத்தில் பல்லி விழும் பலனைத் தேடிப் படித்து, படித்ததை யாருக்கும் சொல்லாமல் காலண்டரைத் திருப்பி மாட்டினாள். அதற்கப்புறம் பாத்ரூமுக்குள் போகும்போதெல்லாம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் போவாள். அதைப் பார்க்க நித்திலாவுக்குப் பாவமாக இருந்தது. அம்மா கேட்காமலே ஒரு காரியம் செய்து அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. மீன்தொட்டி ஒட்டுகிற பசை அண்ணன் வாங்கி வைத்தது பாதி டியூப் பாக்கி இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி, நாலு ஓட்டையையும், தட்டுக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த இடுக்கையும் பூசி அடைத்தாள். எறும்புகூட நுழைய முடியாது. கூடவே குண்டு பல்பைக் கழற்றிவிட்டுக் கரண்டு மிச்சம் பிடிக்கிற வெள்ளைப் பல்பைப் போட்டாள். அட்டைப் பெட்டியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது, முழுக்க மூடிய கூடுகளுக்குள் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று. அவள் அதைப் படித்தாள். எல்லாவற்றையும் படிக்கிற பழக்கம் அவளுக்கு, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் உட்பட. படித்தது மட்டுமில்லை, புரியவும் செய்தது. பி.எஸ்சி. இயற்பியல். குண்டு பல்பு சூட்டையே தின்று சூட்டையே கக்கும், அதற்குக் காற்று இல்லாவிட்டாலும் கவலை இல்லை. இந்த வெள்ளைப் பல்பு தொட்டால் சுடாது என்பதால் எல்லாரும் சாது என்று நினைக்கிறார்கள். அதன் சூடு கழுத்துப் பக்கம் இறங்கும், அங்கேதான் அதன் மூளைபோல ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது. காற்று இல்லாவிட்டால் அது தன் சூட்டில் தானே வெந்துபோகும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் மாட்டினாள். சும்மா போடுவாங்க இதெல்லாம் என்று நினைத்தாள். இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை, ஸ்டூலில் நின்று கழுத்து வலித்தது, சீக்கிரம் இறங்க வேண்டும் என்று நினைத்தாள். மூன்று வருஷம் எரிய வேண்டிய பல்பு ஐந்து மாதத்தில் போனது. இன்னொன்று போட்டாள். அதுவும் நாலாவது மாதத்தில் சிமிட்டத் தொடங்கியது. "நித்தி, பாத்ரூம் லைட்டு முழிச்சு முழிச்சுப் பாக்குது, என்னன்னு பாரு," என்று அம்மா சனிக்கிழமை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். திங்கட்கிழமை, "போட்டா எரியறதுக்கே யோசிக்குதுடி," என்றாள். நாளைக்கு மாத்துறேம்மா. ஒவ்வொரு நாளும் அதே நாளைக்கு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மாவுக்கு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் மாற்றினாள். தரையில் ரத்தம் காய்ந்திருந்தது, அதைக் கழுவ வெளிச்சம் வேண்டும், ஹாலிலிருந்து ஒரு பல்பைக் கழற்றிப் போட்டாள். மறைக்க வேண்டும் என்று செய்யவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் மறுநாள் ஜமுனாக்கா வந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்து, "நல்லாத்தான எரியுது," என்று உச்சுக் கொட்டியபோது, பக்கத்தில் நின்ற நித்திலா ஆமாம் என்பதுபோல நின்றாள். நின்றாள், அவ்வளவுதான் செய்தாள். அவள் வாழ்க்கையில் முக்கால்வாசி நேரம் செய்கிற காரியம் அது.

முடியை மூன்றாகப் பிரித்தாள். நரைத்தது ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது, பிரித்துச் சமமாக்கினாள். கீழே தெருவில் ஒரு கார் ஹாரன் அடித்தது, அண்ணன் இல்லை, தண்ணீர் கேன்காரர். "பயப்படாதடி," என்றாள் அம்மா திடீரென்று. "என்னம்மா?" "பிரிச்சதையே திரும்பப் பிரிக்கிற. ஹாஸ்டல்ல போயி எப்படி இருப்போம்னு யோசிக்கிற. நல்ல ஹாஸ்டலாப் பாத்து விடச் சொல்றேன். நான்தான் இப்படி ஆயிட்டேன், உன் படிப்பு கெடக் கூடாது." அம்மா இதைச் சமாதானமான குரலில் சொன்னாள், டிரங்க் கால் லைன் கிடைக்கவில்லை என்று சொல்கிற குரல். நித்திலா பிரித்த முடியைப் பின்னத் தொடங்கினாள். "ஒண்ணு மட்டும் நல்லதுடி," அம்மா தொடர்ந்தாள், "எனக்கே தெரியறப்பவே போயிடறேன். அக்காவுக்கு அதுகூடத் தெரியல." நான்தான் இப்படி ஆயிட்டேன். அம்மா ஒத்துக்கொண்டுவிட்டாள். எதையும் யாரிடமும் விட்டுக்கொடுக்காதவள், சூப்பர்வைசரிடமே நம்பரை மாற்றிச் சொன்னது நீங்கள்தான் என்று சண்டை போட்டவள், தன் தலையைத் தானே மடித்து அந்தப் பத்துச் சேலைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"அன்னைக்கு நீ லைட்டப் போட்டிருந்தம்மா," என்றாள் நித்திலா. குரல் அவள் நினைத்ததைவிடச் சாதாரணமாக வந்தது. "பல்பு போயிருச்சு. நான் ஓடி வந்து தட்டுனதுல சுவிட்சு ஆஃப் ஆயிருச்சு. ஜமுனாக்கா பாத்தது நான் ஆஃப் பண்ணினத."

"இன்னொரு தடவ சொல்லு." சொன்னாள். பல்லி ஓட்டையை அடைத்தது, பெட்டியில் இருந்த வரி, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளியது, எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னாள். அம்மாவுக்கு அதெல்லாம் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. "கட்டுனு கேட்டுச்சு நித்தி," என்றாள். "எனக்குக் கேட்டுச்சு. சுவிட்சு கட்டுனு விழுந்த சத்தம். மூணு நாளா லேட்டாத்தான எரியுது, எரியும்னுதான் கால எடுத்து வச்சேன். பன்னெண்டு நாளா அந்தச் சத்தம் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. வாயத் தெறக்கல. அக்காவும் இப்படித்தான், செய்யாததையெல்லாம் செஞ்சேன் செஞ்சேன்னு சத்தியம் பண்ணுவா. நாம அவளப் பாத்துச் சிரிப்போம்." அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நித்திலா எட்டிப் பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டுக் கையை மடியில் தட்டித் தட்டி, சத்தமே வராமல் சிரித்தாள். "நூல் கடை நம்பரும் சரிதாண்டி. அப்ப அதுவும் சரிதான்."

பிறகு சிரிப்பு நின்றது. எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே கேட்டாள், "இது உனக்கு எப்பலேருந்து தெரியும்?" "அன்னைக்கே." "அன்னைக்கேன்னா?" "நீ விழுந்த அன்னைக்கே." அம்மா பாதி பின்னிய சடையை நித்திலாவின் கையிலிருந்து மெதுவாக இழுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். ஒற்றைக் கையால் மிச்சத்தைப் பின்னப் பார்த்தாள், ஒரு பிரி நழுவியது, அதைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டாள். நித்திலா கையை நீட்டினாள். பல்லில் முடியோடு அம்மா தலையை மட்டும் அசைத்தாள், வேண்டாம்.

காலிங் பெல் அடித்தது. "நீ இரு," என்று அம்மாவே எழுந்து போய்த் திறந்தாள். "ஏம்மா நீ எந்திரிச்சு வர்ற, அவ எங்க போனா?" என்றபடி அண்ணன் பிரசன்னா உள்ளே வந்தான், கண்ணெல்லாம் சிவந்திருந்தது, விடியற்காலையிலிருந்து ஓட்டி வந்திருக்கிறான். "செருப்பக் கழட்டிட்டு உக்காரு. உன் தங்கச்சி ஒண்ணு சொல்லுவா, கேளு." நித்திலா மூன்றாவது தடவையாகச் சொன்னாள். தன் அண்ணன் எதிரில் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது இதுதான் முதல்முறை என்று பேசும்போதே நினைத்துக்கொண்டாள். அவன் முதலில் கோபப்பட்டான், லூசாடி நீ என்றான். அப்புறம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "சரி, அது ஒரு பல்பு. அதுக்காக டாக்டர்ட்டயே காட்டாம விட்டுற முடியுமா? பெரியம்மாவ மறந்துட்டீங்களா? அப்பாயின்ட்மென்ட் கெடைக்கறதே குதிரைக் கொம்பு." "போனதும் அவரு என்ன கேப்பாரு, எதுக்கு வந்தீங்கன்னு கேப்பாருல்ல?" என்றாள் அம்மா. "என்ன சொல்லுவ? எங்க வீட்டுப் பல்பு ஃபியூஸ் போயிருச்சு சார்னா?" பிரசன்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டான். "நான் வரலப்பா. கை சரியாகட்டும், அப்புறம் உன் திருப்திக்கு ஒரு நாள் வர்றேன். போயி மூஞ்சியக் கழுவு." அந்தக் குரலை அவனுக்குத் தெரியும், அதற்குமேல் லைன் கிடைக்காது. துண்டை எடுத்துக்கொண்டு போனான்.

அம்மா கட்டில்மேல் இருந்த பையைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். நித்திலா அலமாரியில் வைக்கக் கையை நீட்டினாள். அம்மா கொடுக்கவில்லை. பத்தையும் எடுத்து முடித்து, காலிப் பையை ஒற்றைக் கையால் நீவி மடித்து, அவள் பக்கம் நகர்த்தினாள். "நீ வேணா அண்ணன்கூடப் போயி ஓசூர்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வா," என்றாள். திட்டுகிற குரல் இல்லை. முகத்தை மட்டும் திருப்பவில்லை.

"சரிம்மா," என்றாள் நித்திலா. வலித்தது. எங்கே என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டிவிடலாம், நெஞ்சுக்குழிக்குக் கொஞ்சம் மேலே, அங்கேயே வலித்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு தன் துணிகளை எடுக்கப் போனாள்.